பத்துக் கொட்டை முடிச்சு

பூட்டிய அலுமாரியைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். வீட்டு அலுமாரி எப்படியும் போகட்டும். நான் சொல்வது பள்ளிக்கூட அலுமாரியை. போன மாதம் கண்டியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியைகள் சிலர் என்னைத் தேடி வந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க என்னென்ன சாமான்கள் வேண்டும், அவற்றை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக்கொள்ளக் கொப்பி வேறு கொண்டுவந்திருந்தார்கள். சாமான் எதுவாயும் இருக்கட்டும், முதலில் அலுமாரிக் கதவைக் கழற்றி எறியுங்கள் என்றேன். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், கண்டியில் ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் இருந்த மிஷன் பாடசாலைக்கு என்னை அனுப்பினார்கள். வத்துகாமம் வரை ரயில், அதன் பிறகு பஸ், அதன் பிறகு கால். தகரக் கூரை போட்ட ஒரே நீள மண்டபம். மழை பெய்தால் பாடம் நின்றுவிடும்; கத்தினாலும் கேட்காது. அங்கே மழை பெய்யாத மாதம் குறைவு. இருந்த ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் தலைமை ஆசிரியர், மற்றது நான். பிள்ளைகள் எல்லோரும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து வருகிறவர்கள்; அநேகமாக எல்லோரும் கத்தோலிக்கர்.

அந்த மண்டபத்தில் ஒரேயொரு நல்ல பொருள் இருந்தது. அது தலைமை ஆசிரியரின் கதிரைக்குப் பின்னால் நின்ற அலுமாரி. கறையான் ஏறாமல் இருக்க அதன் நாலு கால்களையும் மண்ணெண்ணெய் ஊற்றிய தகரப் பேணிகளுக்குள் வைத்திருந்தார்கள். நான் போன அன்றே அவர் அதைத் திறந்து காட்டினார். உள்ளே பத்துக் கம்பியில் பத்துப் பத்து மணி கோத்த பெரிய மணிச்சட்டம் ஒன்று, பூகோள உருண்டை ஒன்று, சுருட்டி வைத்த வண்ணப் படங்கள், எழுத்து அட்டைகள், நிற வெண்கட்டிகள் என்று எல்லாம் பழைய பத்திரிகைக் கடதாசியில் சுற்றி இருந்தன. பயிற்சிக் கல்லூரியில்கூட இவ்வளவு நல்ல மணிச்சட்டம் இருக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாளைக்கே எடுக்கலாமா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கோயில் பூசைப் பாத்திரத்தில் கஞ்சி குடிக்கக் கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சாமான் பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு வருடமும் இன்ஸ்பெக்டர் வந்து பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார், ஒரு மணி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றார். ஆகவே இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் சாமான்கள் வெளியே வரும். அவர் போன பிறகு மறுபடி உள்ளே போகும். சாவி அவருடைய இடுப்பு வாரில் தொங்கியது. அதற்குப் பிறகு ஒரு வருடம் முழுவதும் அந்த அலுமாரிக்குள் இருந்ததை நானும் பார்க்கவில்லை, பிள்ளைகளும் பார்க்கவில்லை.

சாமான் உடையக்கூடாது, பிள்ளை படிக்காவிட்டால் பரவாயில்லை. இதுதான் அந்த மனுசனின் கல்விக் கொள்கை. மனுசன் என்று எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

மூன்றாம் வகுப்பையும் அதற்குக் கீழே இருந்தவற்றையும் என் தலையில் கட்டினார். முதல் வாரம் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். கூட்டமாக, ராகம் போட்டு, அருமையாகச் சொன்னார்கள். ஏழெட்டு எவ்வளவு என்று ஒரு பிள்ளையைத் தனியாகக் கேட்டேன். அவன் ஓரேழு ஏழிலிருந்து தொடங்கி, தலையை ஆட்டி ஆட்டி, எட்டாவது அடிக்கு வந்து சேர்ந்தான். நடுவில் தும்மல் வந்துவிட்டது. பாவம், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். வாசிப்பும் அப்படியே. புத்தகத்தில் பனைமரமும் கப்பலும் கடற்கரையும் இருந்தன. மலைக்கு மேலே பிறந்து மலைக்கு மேலேயே வளர்ந்த பிள்ளைகள் பார்க்காத மூன்றையும் தேடிப்பிடித்துப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தின் மூலையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, மனப்பாடமாகிப்போன பாடத்தை ஒப்புவித்தார்கள். எழுத்தின்மேல் ஒருவர் கண்ணும் போகவில்லை.

மணிச்சட்டம் கிடைக்காது என்றால் கிடைப்பதைக் கொண்டுதான் செய்ய வேண்டும். மடுல்கெல்லக் கடைவீதியில் அக்குறணையிலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளி இருந்தார். சீத்தைத் துணி சுற்றி வருகிற தடித்த மட்டைகள் அவருடைய கடைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும், அடுப்பெரிக்கக் கொடுப்பார். நான் போய், பிள்ளைகளுக்கு எழுத்து வெட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு போங்கொ தங்கச்சி. எங்கட ஊட்டுலயும் புள்ளைகள் ஈக்கிது தானே" என்றார். மட்டையோடு, வெட்டிக் கழிந்த துண்டுத் துணிகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். படித்தவர்களிடம் கிடைக்காதது எனக்கு அந்தக் கடையில் கேட்ட உடனே கிடைத்தது.

மட்டைகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எழுத்துகளையும் சொற்களையும் எழுதினேன். கப்பலை விட்டேன். கூடை, கொழுந்து, லயம், பீலி, கம்பளி என்று எழுதினேன். பீலி என்றால் பிள்ளைகள் தினமும் காலையில் தண்ணீர் பிடிக்கிற இடம். அந்த அட்டையைத் தூக்கிக் காட்டினால் எழுத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது, ஏனென்றால் படம் கிடையாது. தேயிலைப் பெட்டி மூடி ஒன்றில் ஆற்று மணல் பரப்பி, எழுதத் தெரியாத சின்னதுகளை விரலால் எழுதவிட்டேன். சிலேட்டில் பிழை போனால் எச்சில் தொட்டு அழித்து அழுகிற பிள்ளை, மணலில் பிழை போனால் தட்டிவிட்டு அடுத்ததை எழுதும். தலைமை ஆசிரியர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, லயத்துச் சொற்களைப் படிக்க லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை எதற்கு என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடியாதவள், நியமனம் உறுதியாகாதவள். விழுங்கிக்கொண்டேன்.

அந்த வருடம் நான் விழுங்கியவற்றைக் கணக்குப் போட்டால் ஒரு பெரிய பட்டியல் வரும்.

கழித்தல் கணக்குத்தான் பெரிய தொல்லை. நாற்பத்திரண்டிலிருந்து பதினேழு கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது. பக்கத்திலிருந்து ஒன்று கடன் வாங்கு என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் அதையும் ராகமாகச் சொன்னார்கள். வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை.

கேட்டவள் பத்து வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. மெலிந்தவள், வாசலுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் உட்காருவாள். தகப்பன் இல்லை, தாய் கொழுந்து எடுக்கிறவள். மற்றப் பிள்ளைகள் சொன்னதைச் சொல்வார்கள். இவள் மட்டும் ஏன் என்று கேட்பாள். அந்தக் காலத்தில் அங்கே பத்து வயதானால் பேர் பதிந்து கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்பிவிடுவார்கள். இவளை விட்டுவைக்கும்படி தாயிடம் நான் இரண்டு தரம் லயத்துக்குப் போய்க் கெஞ்சினேன். கடைசியில் அந்த அம்மாள் ஒரு வார்த்தை தந்தாள். "இன்ஸ்பெட்டரு ஐயா வந்து பாஸ் போட்டுட்டா இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும் டீச்சரம்மா. போடலைன்னா நான் கூடையை மாட்டிவிட்டுருவேன். அதுக்கப்புறம் நீங்க வரக்கூடாது" என்றாள். அது நியாயமான பேச்சு. ஒரு வயிற்றுக்கு அந்த வீட்டில் என்ன வழி என்று எனக்கும் தெரியும்.

அவள் கடனைப்பற்றிக் கேட்ட அன்று மாலை முழுவதும் அந்தக் கேள்வியே என் மண்டையைக் குடைந்தது. மறுநாள் பிள்ளைகளை மேட்டுக்குக் கூட்டிப்போய், கவ்வாத்து வெட்டாமல் விதைக்கு விட்டிருந்த பழைய தேயிலை மரங்களுக்குக் கீழே உதிர்ந்து கிடந்த கொட்டைகளைப் பொறுக்க வைத்தேன். கடைக்காரர் தந்த துண்டுத் துணியில் பத்துப் பத்தாகப் போட்டு முடிச்சுக் கட்டினோம். பத்துக் கொட்டை ஒரு முடிச்சு. நாற்பத்திரண்டு என்றால் நாலு முடிச்சும் இரண்டு உதிரிக் கொட்டையும். இதிலிருந்து பதினேழை எடுத்துக் கொடுங்கள் என்று அவர்களைச் சுற்றி உட்காரவைத்தேன். நான் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதுதான் எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அவர்கள் ஒரு முடிச்சைத் தள்ளி வைத்தார்கள். ஏழு கொட்டைக்கு இரண்டுதான் இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவள் ஒரு முடிச்சைத் தூக்கினாள். அது இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்துக் கொட்டினாள். பன்னிரண்டு உதிரியிலிருந்து ஏழை எண்ணி எடுத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்ப இது கடன் இல்லீங்களே டீச்சரம்மா. நம்ம முடிச்சைத்தானே நாம அவுக்கிறோம்" என்றாள்.

இரண்டு வருடப் பயிற்சியில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் கடன் என்ற பேச்சே கிடையாது. முடிச்சை அவிழ் என்போம். சிலேட்டில் எழுதும்போதும் முதலில் முடிச்சுகளை அடுக்கிப் பார்த்து, பிறகு எழுதுவார்கள். மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு இவளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இவள் விடையைச் சொல்லிவிடமாட்டாள். முடிச்சை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கஷ்டப்பட்டுக் கற்ற வித்தை இவளுக்குத் தானாக வந்தது. பத்து முடிச்சுகளையும் சில உதிரிக் கொட்டைகளையும் ஒரு பையில் போட்டு அவள் பொறுப்பிலேயே விட்டேன். பாடம் முடிந்ததும் எல்லா முடிச்சிலும் பத்துப் பத்து இருக்கிறதா என்று பார்த்துக் கட்டி வைப்பாள்.

சிலேட்டில் மட்டும் கணக்குப் போடுகிற அளவுக்கு அவர்கள் இன்னும் வரவில்லை. இன்னும் இரண்டு மாதம் கிடைத்திருந்தால் வந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் வரும் தேதி அதற்குள் வந்துவிட்டது.

அதற்கு முதல்நாள் பாடசாலை கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சாணம் மெழுகினார்கள், நிறக் கடதாசித் தோரணம் கட்டினார்கள், வரவேற்புப் பாட்டு பத்துத் தரம் பாடினார்கள். தலைமை ஆசிரியர் அலுமாரியைத் திறந்தார். மணிச்சட்டத்தைக் கடதாசி பிரித்து எடுத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொரு மணியாகத் துடைத்தார். பிள்ளைகள் எட்ட நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். கிட்ட வந்த ஒன்றின் கையில் பிரம்பால் தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, உன்னுடைய குப்பைகளை ஒதுக்கு என்றார். இவ்வளவு உபகரணங்கள் இருக்கும்போது கந்தல் துணியும் கொட்டையும் மட்டையும் எதற்கு என்று இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன சொல்வது, பாடசாலையின் மானம் போய்விடும் என்றார்.

நான் வாதாடினேன். பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தைத் தொட்டுப் பழக்கமில்லை, முடிச்சு இருந்தால்தான் கணக்கு வரும் என்றேன். எவ்வளவு நேரம் வாதாடினேன் என்று பெருமையாகச் சொல்ல ஆசைதான். இரண்டு நிமிடம் இருக்கும். உன்னைப்பற்றி அறிக்கை எழுதுவதும் நான்தான் என்று அவர் நினைவூட்டியவுடன் என் வீரம் அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, பையை அவள் கையிலேயே கொடுத்தேன். இதைக் கொண்டுபோய் உங்கள் வீட்டில் ஒளித்து வை, அந்த ஐயா போன பிறகு நான் கேட்பேன், அதுவரைக்கும் வெளியே எடுக்காதே என்று சொன்னேன். அப்போ கணக்குக்கு என்று கேட்டாள். இன்றைக்குப் புதுச் சட்டத்தில் போடலாம், அதுவும் இதேதான் என்றேன். பொய் இல்லை. எனக்கு அது அதேதான். தொட்டே பார்க்காத பிள்ளைக்கு எப்படி அதேயாகும்? அவள் பையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

இன்ஸ்பெக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார், கன்னத்தைத் தட்டினார். பட்டியலை எடுத்துச் சாமான்களைச் சரிபார்த்தார். எல்லாம் இருந்தன, எல்லாம் பளபளத்தன. தலைமை ஆசிரியரைப் பாராட்டினார். அதன் பிறகு மூன்றாம் வகுப்பைக் கேட்கத் தொடங்கினார். வாசிப்பில் இவள் நன்றாகச் செய்தாள். கணக்குக்கு மணிச்சட்டத்தை மேசையின் விளிம்புக்கு இழுத்து வைத்து, இவளைக் கிட்டக் கூப்பிட்டு, "பிள்ளை, நாப்பத்திரண்டிலை பதினேழைக் கழிச்சு இதிலை காட்டும் பாப்பம்" என்றார்.

அவள் சட்டத்தைப் பார்த்தாள். கம்பி கம்பியாக மணிகள். ஒவ்வொரு கம்பியிலும் பத்து. அவள் அறிந்த பத்து, முடிச்சுக்குள் இருந்தது. அது லயத்தில் ஒளிந்திருந்தது. பத்துப் பத்தாகக் கோத்த மணியை அவள் வாழ்க்கையில் ஒரே இடத்தில்தான் கண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்தேன், தொடங்கு என்று அர்த்தம். அவள் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டாள். கண்ணை மூடினாள். முதல் மணியை இரண்டு விரலால் பிடித்து முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒரு மணி நகர்ந்தது, அடுத்தது நகர்ந்தது. மூன்றாவது மணியில்தான் எங்களுக்கு விளங்கியது, பிள்ளை செபமாலை சொல்கிறாள்.

இன்ஸ்பெக்டர் குனிந்து, இது என்ன தெரியுமா என்று கேட்டார்.

"செபமாலைங்க ஐயா" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். தலைமை ஆசிரியர், இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார் என்பதால் சிரித்தார். பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எத்தனையோ பேரைத் திட்டி எழுதிவிட்டேன். என் வாயும் அன்று இளித்தது. ஏன் சிரித்தேன் என்று கேட்டால், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேறு காரணம் கிடையாது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பதைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். அவர் சிலேட்டைக் கொடுத்து அதே கணக்கைப் போடச் சொன்னார். நாற்பத்திரண்டை எழுதினாள், கீழே பதினேழை எழுதினாள், கோடு கீறினாள். அதற்குமேல் குச்சி அசையவில்லை. கோட்டுக்குக் கீழே கண்ணீர்தான் விழுந்தது. சரி பிள்ளை, போய் இரும் என்று சொல்லிவிட்டு அவர் கடதாசியில் ஏதோ குறித்தார். குப்பை என்று நான் ஒளித்த பை அரை மைல் தூரத்தில் இருந்தது. ஐயா, ஐந்து நிமிடம் பொறுங்கள், இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் போன பிறகு, பாடசாலையைக் கேவலப்படுத்தியதற்கும் செபத்தைப் பகிடி பண்ணியதற்கும் என்று தலைமை ஆசிரியர் அவளுடைய உள்ளங்கையில் இரண்டு அடி போட்டார். நான் தோரணத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மணிச்சட்டம் மறுபடி கடதாசி சுற்றிக்கொண்டு அலுமாரிக்குள் போனது. சில வாரங்களில் அறிக்கை வந்தது. எங்கள் பாடசாலையில் உபகரணங்கள் மிக நல்ல முறையில் பேணப்படுகின்றன என்று அதில் எழுதியிருந்தது. பேணப்படுகின்றனவாம். தலைமை ஆசிரியர் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். மூன்றாம் வகுப்பில் தவறியவர்களின் பட்டியல் அதே கடதாசியின் மறுபக்கத்தில் இருந்தது.

வரக்கூடாது என்று சொல்லியிருந்தும் லயத்துக்குப் போனேன். தாய் தங்களுடைய ஒற்றை அறைக் காம்பிராவின் வாசலில் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பெரிய கூடை இல்லை, சின்னது. என் வாயிலிருந்து எதுவும் வருவதற்குள், "ஐயா கணக்குக் கேட்டதுக்கு எம்மக செபம் சொன்னாளாமே. ஊரே சிரிக்குது. அந்தச் செபத்தைக் கொழுந்து எடுத்துக்கிட்டே சொல்லட்டும்" என்றாள். பிள்ளை உள்ளே அடுப்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையை ஒளிக்கச் சொன்னது யார் என்று அவள் தாயிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிழை உங்கள் பிள்ளையில் இல்லை என்று ஏதோ பொதுவாக முனகிவிட்டு வந்துவிட்டேன்.

பையை நான் கேட்கவே இல்லை. எந்த முகத்தோடு கேட்பது? வேறு கொட்டை பொறுக்கினேன், வேறு துணி வாங்கினேன், வேறு முடிச்சுக் கட்டினேன். அதற்குப் பிறகு எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் என் முடிச்சுகள் மேசைமேல்தான் இருந்தன. தலைமை ஆசிரியர் குதித்தார். குதிக்கட்டும் என்று விட்டேன். நியமனம் உறுதியாகிவிட்டது அல்லவா, அதனால் எனக்கு வீரம் திரும்பி வந்திருந்தது. நேரத்துக்கு வராத வீரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முப்பதுகள் முடிகிற காலத்தில் அவர் மாற்றலாகிப் போனார். தலைமைப் பொறுப்பு எனக்கு வந்தது. சாவியை என் கையில் தரும்போதுகூட, பட்டியலில் உள்ளதெல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு மணிகூடக் குறையவில்லை என்று சொன்னார். அன்று பின்னேரமே தோட்டத்துத் தச்சரை வரவழைத்து அலுமாரியின் இரண்டு கதவுகளையும் கழற்றினேன். விளக்குக் கரியைக் குழைத்துப் பூசினால் அவை நல்ல கரும்பலகைகள். உயரம் குறைந்த பிள்ளைகளும் எழுதக்கூடியதாகச் சுவரில் தாழ்வாகச் சாத்தி வைத்தேன். சாமான்கள் வகுப்புக்குள் போயின. ஒரு தவணைக்குள் மணிச்சட்டத்தில் ஏழு மணி காணாமல் போனது. பூகோள உருண்டையில் தென்கடல் பக்கம் நசுங்கியது. வண்ணப் படங்களில் கைரேகை படாத இடமில்லை. அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் விளக்கம் கேட்டு எழுதினார். பாவித்தால் தேயும், தேயாமல் இருந்தால்தான் நீங்கள் விளக்கம் கேட்க வேண்டும் என்று பதில் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், ஒருநாள் மத்தியானம், ஒரு பெண் வாசலில் நின்றாள். முதுகில் கூடை, தலையில் கயிறு, கையில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று. தங்கச்சியைப் பள்ளியில் சேர்க்க வந்ததாகச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் யாரென்று தெரிந்தது. அதே மெலிவு. விரல்கள் மட்டும் கறுத்து வெடித்திருந்தன. அவளை மலையில் தூரத்தில் கண்டு நான் வேறு பாதையில் திரும்பிய நாட்கள் உண்டு. அன்று திரும்ப வழியில்லை. உட்காரச் சொன்னேன். பேரைப் பதிந்தேன். தாய் எப்படி என்று கேட்டேன். மறுபடி கலியாணம் கட்டி இவளைப் பெற்றவள் போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள், சின்னவளின் தகப்பனும் விட்டுப் போய்விட்டார், இனி தங்கச்சியை வளர்ப்பது தான்தான் என்றாள். இவளையாவது மலைக்கு அனுப்பமாட்டேன் என்றும் சொன்னாள்.

பிறகு கூடைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் மேசைமேல் வைத்தாள். அடுப்புப் புகை ஏறி ஏறிக் கறுத்துப்போன ஒரு துணிப் பை.

"அந்த ஐயா போனதும் கேப்பேன்னு சொன்னீங்க டீச்சரம்மா. நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். லயத்துக்கு வெள்ளை அடிக்க வரும் ஒவ்வொரு முறையும் அடுப்புக்கு மேலே இருந்த அட்டலிலிருந்து இறக்கி, விறகுக்கு அடியில் வைத்து, மறுபடி ஏற்றி வைத்தாளாம். தாய் எறியச் சொன்னபோது, பள்ளிக்கூடத்துச் சாமான், டீச்சரம்மா கேட்பார்கள் என்றாளாம். நான் பையிலிருந்து ஒரு முடிச்சை எடுத்து அவிழ்க்கப் பார்த்தேன். துணி இறுகிக் கல்லாகிப் போயிருந்தது. என் விரலுக்கு வரவில்லை.

அவள் அதை என் கையிலிருந்து வாங்கினாள். தங்கச்சியைத் தரையில் இருத்தி, தானும் கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். மூன்று முடிச்சுகளை வரிசையாக வைத்தாள், கையில் இருந்ததை நாலாவதாக வைத்தாள், பக்கத்தில் இரண்டு உதிரிக் கொட்டை வைத்தாள். ஒரு முடிச்சைத் தள்ளினாள். நாலாவதைத் தூக்கிப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். காய்ந்து சுருங்கிய கொட்டைகள் சலசலவென்று தரையில் விழுந்தன. ஏழை எண்ணித் தள்ளிவிட்டு, மீதியைத் தங்கச்சியின் முன்னால் கூட்டி வைத்தாள்.

"அன்னைக்கு அந்த ஐயா கேட்டதுக்கு இருபத்தஞ்சுங்க" என்றாள்.

கொழுந்து நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள்.